ஜூனுக்கு முன்பே தொடங்கும் வகுப்பு: ஆசிரியையின் ஆயத்தமும் நம் வீடுகளின் பொறுப்பும்

மே மாதக் கடைசியில் நம் ஊர்க் கடைத்தெருக்களில் நடக்க இடம் இருக்காது. நோட்டுப் புத்தகம், பை, காலணி, சீருடைத் துணி என்று ஒவ்வொரு வீட்டிலும் பட்டியல் நீளும். தைக்கக் கொடுத்த சீருடை பள்ளி திறக்கும் முன் கைக்கு வருமா என்பதே அந்த வாரத்தின் பெரிய கவலை. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்துவது என்றால் இவ்வளவுதான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அதே வாரத்தில் இன்னோர் ஆயத்தமும் நடக்க வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் யார் முன்னால் போய் உட்காரப் போகிறார்களோ, அந்த ஆசிரியையின் ஆயத்தம் அது.

இதைப் பற்றி நம் சமுதாயத்தில் பேச்சு குறைவு. ஒரு தலைமுறைக்கு முன் நம் ஊர்களில் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றார்கள். இன்று பட்டம் படித்து, பி.எட். முடித்து, பள்ளிகளில் பாடம் நடத்தும் பெண்கள் நம் தெருக்களில் பரவலாக இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். யாரோ ஒருவருக்கு அவர் மகள், யாரோ ஒருவருக்கு மருமகள், யாரோ ஒருவருக்கு மனைவி. ஆனால் அந்தப் பெண் வகுப்பறைக்குள் நுழையும் முன் என்னென்ன செய்தாக வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் தேவை, அந்த நேரம் அவருக்கு எங்கிருந்து கிடைக்கும் என்பதை அதே வீட்டில் இருப்பவர்களே கேட்டதில்லை. கேட்காததன் விளைவு இரண்டு இடங்களில் தெரிகிறது. வீட்டில் அவர் களைத்துப் போகிறார். பள்ளியில் நாற்பது பிள்ளைகள் ஆயத்தமில்லாத பாடத்தைக் கேட்கிறார்கள். சிலர் ஓரிரண்டு வருடங்களில் வேலையையே விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஆயத்தம் என்றால் என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். அதன் பிறகு நம் பொறுப்பைப் பார்ப்போம்.

ஆயத்தம் என்பது என்ன?

"டீச்சருக்கு என்ன, இரண்டு மாதம் லீவு" என்பது பலருடைய நினைப்பு. பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்த பிறகும் ஆசிரியருக்கு விடைத்தாள் திருத்தம், மதிப்பெண் பதிவு, தேர்ச்சிப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் என்று வேலைகள் தொடரும். அதன் பின் புதிய சேர்க்கை. அரசு பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதையும் நாம் பார்க்கிறோம். எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவரின் விவரத்தையும் ஏற்ற வேண்டும். இடையில் பயிற்சி வகுப்புகளும் வரும். இவை எல்லாம் நிர்வாக வேலைகள். பாடத்துக்கான ஆயத்தம் இவற்றுக்கு அப்பால் இருக்கிறது. அதில் நான்கு பகுதிகள் உண்டு.

முதலாவது, பாடத்தை நாட்களுக்குப் பங்கிடுவது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணை, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்களும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 220 வேலை நாட்களும் வேண்டும் என்கிறது. நாளுக்கு ஒரு கணக்குப் பாடவேளை என்று வைத்தாலும் 220 வேளைகள். தேர்வு நாட்கள், விளையாட்டு விழா, ஆண்டு விழா, மழை விடுமுறையை ஈடுகட்டும் அவசரம், ஆசிரியையின் சொந்த விடுப்பு எல்லாவற்றையும் கழித்தால் கையில் நிற்பது அதைவிட நன்றாகக் குறைந்துவிடும். எந்தப் பாடத்துக்கு எத்தனை வேளை என்று ஜூனில் பங்கிடாதவர், ஜனவரியில் பாடத்தை ஓட்டித் தள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பிள்ளைகளை அறிவது. ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஐந்து வருடம் பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம் எல்லாப் பாடமும் படித்தவர்கள், இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியரைச் சந்திக்கிறார்கள். பல பள்ளிகளில் இருந்து வந்து ஒரே வகுப்பில் சேர்கிறார்கள். பின்னக் கணக்கு நடத்தத் தொடங்கும் ஆசிரியை, வகுத்தலே வராத பிள்ளை எத்தனை பேர் என்று முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு அன்றே முடிந்துபோகும். அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்துவதன் அடிப்படையும் இதுதான். ஒரே வகுப்பில் இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே படியில் நிற்பதில்லை. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது.

மூன்றாவது, பாடக்குறிப்பு. நாளை எதை நடத்துவது, எந்த உதாரணத்தைச் சொல்வது, கரும்பலகையில் எதை எழுதுவது, எந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று தெரியும் என்பதை முன்கூட்டியே எழுதுவது. அதிகாரி வந்தால் காட்டுவதற்காக ஒரு குறிப்பேடு என்று இதைச் சிலர் சுருக்கிவிட்டார்கள். உண்மையில், பாடக்குறிப்பில் செலவிட்ட இருபது நிமிடம் வகுப்பில் நாற்பது நிமிடத்தைக் காப்பாற்றுகிறது.

நான்காவது, வகுப்பறை ஒழுங்கு. யாரை எங்கே அமர வைப்பது, நோட்டு எப்போது வாங்குவது, தண்ணீர் குடிக்கப் போக என்ன முறை, தாமதமாக வரும் பிள்ளையை எப்படி நடத்துவது போன்ற சிறிய விஷயங்கள். முதல் வாரத்தில் இவை நிலைபெற்றுவிட்டால் வருடம் முழுவதும் கத்த வேண்டியதில்லை. நிலைபெறாவிட்டால் மார்ச் வரை தொண்டை வற்றும்.

மணிக்கணக்கு என்ன சொல்கிறது?

அதே சட்டத்தின் அட்டவணையில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. ஆசிரியரின் வார வேலை நேரம் குறைந்தது 45 மணி என்று சொல்லும்போது, ஆயத்த நேரமும் அதற்குள் அடங்கும் என்று அது குறிப்பிடுகிறது. அதாவது ஆயத்தம் செய்வதும் வேலைதான் என்று சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒரு நல்ல அளவுகோலாக இதை எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். ஒரு நோட்டைத் திருத்த மூன்று நிமிடம் என்றால் 120 நிமிடம், அதாவது 2 மணி நேரம். நான்கு பிரிவுகளுக்குப் பாடம் எடுப்பவர் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் நோட்டுத் திருத்தினாலும் 8 மணி நேரம். வாரத்துக்கு 30 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் கற்பித்தல் 20 மணி நேரம். பாடக்குறிப்பு, தேர்வுத்தாள், பதிவேடு, இணையப் பதிவு, பெற்றோர் சந்திப்பு ஆகியவற்றை இதனோடு கூட்டிப் பாருங்கள். பள்ளி நேரத்துக்குள் இது முடியாது. மீதி நேரம் எங்கே போகிறது? வீட்டுக்கு வருகிறது. இரவு இஷாவுக்குப் பிறகு, பாத்திரம் கழுவி முடித்து, பிள்ளைகள் தூங்கிய பின், நோட்டுக் கட்டு பிரிக்கப்படுகிறது.

இத்துடன் சிலருக்குப் புதிய சுமையும் சேர்ந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன் பணியில் சேர்ந்த ஆசிரியர்களில், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியை மட்டும் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. பதினைந்து, இருபது வருடம் பாடம் நடத்தியவர் மறுபடியும் தேர்வுக்குப் படிக்க உட்கார வேண்டிய நிலை இதனால் வந்தது.

நம் வீடுகளின் மே மாதம்

இப்போது நம் வீட்டுப் பக்கம் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டுக்காக, உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கும் ஒரு சகோதரியை எண்ணிக்கொள்வோம். கணவர் வளைகுடாவில் வேலை. மாமிக்குச் சர்க்கரை நோய். மூத்தவன் ஏழாம் வகுப்பு, சின்னவள் முதல் வகுப்பில் சேரப் போகிறாள். இப்படி ஒரு குடும்பம் நம் தெருக்களில் எங்கும் உண்டு.

இவருக்கு மே மாதம் எப்படிப் போகும்? கணவர் முப்பது நாள் விடுப்பில் வருவார். அவரைப் பார்க்க உறவினர் வருவார்கள். வருகிறவர்களுக்கு உணவு சமைக்க வேண்டும். கோடை விடுமுறை என்பதால் நிகாஹ்கள் எல்லாம் இந்த மாதத்தில்தான் வைக்கப்படும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வழியனுப்பப் போக வேண்டும். மாமியை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல, "லீவில்தானே இருக்கிறாய்" என்று எல்லாரும் இவரைத்தான் பார்ப்பார்கள். சின்னவளின் சேர்க்கைக்கு அலைய வேண்டும்.

பெருநாளும் சேர்ந்துகொள்கிறது. 2024-ல் வெயில் காரணமாகத் தள்ளிப்போன பள்ளித் திறப்பு ஜூன் 10 அன்று நடந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 17. 2025-ல் ஜூன் 2 திங்கட்கிழமை பள்ளி திறந்தது. அந்த வாரம் சனிக்கிழமையே பெருநாள். புதிய வகுப்பின் முதல் வாரமும், வீடு சுத்தம் செய்வதும், பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதும், குர்பானி இறைச்சியைப் பங்கிட்டு அனுப்பும் வேலையும் ஒரே ஆளின் தலையில் விழுந்தன. ஜூன் முதல் வாரத்தில் பள்ளிக்குப் போகும் அந்தச் சகோதரி, விடுமுறை முடிந்து வருபவரைப் போல இருக்க மாட்டார். ஒரு பெரிய கல்யாண வேலையை முடித்துவிட்டு வருபவரைப் போலத்தான் இருப்பார்.

இதில் யாரும் அவருக்குத் தீங்கு நினைக்கவில்லை. அவருக்கு ஆயத்தம் என்று ஒரு வேலை இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. அவரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் "உலகத்தில் நீ மட்டும்தான் வேலைக்குப் போகிறாயா" என்ற சொல் வரும் என்று அஞ்சுகிறார்.

மார்க்கம் காட்டும் சமநிலை

இந்த இடத்தில் மார்க்கம் நமக்கு என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்பது அவசியம். ஸல்மான் (ரலி) அவர்களும் அபுத்தர்தா (ரலி) அவர்களும் பற்றிய நிகழ்ச்சி புகாரியில் இருக்கிறது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த தம் சகோதரரை ஸல்மான் (ரலி) தடுத்து, இறைவனுக்குரிய உரிமை, உடலுக்குரிய உரிமை, குடும்பத்துக்குரிய உரிமை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரியதைக் கொடுக்கச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைச் சரி என்று ஏற்றார்கள். வணக்கமே ஆனாலும் ஒன்று மற்றொன்றின் உரிமையை விழுங்கக்கூடாது என்றால், வீட்டு வேலையும் பள்ளி வேலையும் எம்மாத்திரம்?

ஆசிரியரின் நேரம் யாருக்குரியது என்ற கேள்வியையும் நம் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இப்னு ஸஹ்னூன், ஆசிரியர்களின் ஒழுங்குகளுக்காகவே 'ஆதாபுல் முஅல்லிமீன்' என்ற நூலைத் தொகுத்தார். கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆசிரியர், தம் மீது கடமையாகிவிட்டவை தவிர மற்ற ஜனாஸாக்களுக்குப் போவதற்காகவும் நோயாளிகளை நலம் விசாரிப்பதற்காகவும் பிள்ளைகளை விட்டுவிட்டுச் செல்லலாகாது என்ற கருத்து அதில் இடம்பெறுகிறது. நலம் விசாரிப்பது எவ்வளவு பெரிய நன்மை! ஆனாலும் பாட நேரம் பிள்ளைகளுக்குரிய அமானத் என்பதால் இவ்வளவு கவனம். இன்று, மூன்றாவது சுற்று உறவின் வளைகாப்பு விருந்துக்கு வரவில்லை என்று ஓர் ஆசிரியையிடம் கோபித்துக்கொள்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

வீட்டு ஆண்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்கான பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று அவர்கள் பதில் சொன்னதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. சுன்னத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். அடுப்படிக்குள் இருக்கும் சுன்னத்தைப் பற்றியும் பேசலாமே!

ஆசிரியை செய்யக்கூடியவை

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு நாம் சொல்லக்கூடியது, கொஞ்சமாகத் தொடங்குங்கள், விடாமல் செய்யுங்கள் என்பதே. வருடம் முழுவதற்குமான பாடக்குறிப்பை மே மாதத்தில் எழுதி முடிக்கப் போவதாக எண்ணினால், இரண்டாம் நாளே மலைத்துப் போவீர்கள்.

பள்ளி திறப்பதற்கு முன் பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். சுபுஹுக்குப் பிறகு வீடு எழும்புவதற்கு முன் உள்ள நேரம் பலருக்கு ஒத்துவரும். அந்தப் பத்து மணி நேரத்தில் மூன்று வேலைகளை மட்டும் முடிக்கலாம். முதல் பருவத்துப் பாடங்களை வாரங்களுக்குப் பங்கிடுவது, முதல் இரண்டு வாரத்துக்குப் பாடக்குறிப்பு எழுதுவது, பிள்ளைகளின் நிலையை அறிய ஒரு பக்கத்தில் பத்துக் கேள்விகள் தயாரிப்பது. இந்தப் பத்துக் கேள்விகளைத் தேர்வு என்று சொல்லாமல், மதிப்பெண் போடாமல், முதல் வாரத்தில் கொடுத்துப் பாருங்கள். யாருக்கு எந்த இடத்தில் அடித்தளம் இல்லை என்பது ஒரு பாடவேளையில் தெரிந்துவிடும்.

நாள்காட்டியை எடுத்து அரசு விடுமுறைகளோடு பிறைக் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வருகிறது. 2025-ல் மார்ச் தொடக்கத்தில் வந்தது. 2026-ல் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் வந்தது. பொதுத்தேர்வு வகுப்பு எடுப்பவர்களுக்குத் திருப்புதல் நடக்கும் காலம் அது. நோன்பு வைத்துக்கொண்டு, ஸஹருக்கு எழுந்து, நாள் முழுவதும் பேச வேண்டும். ஆகவே அதிகம் பேசி விளக்க வேண்டிய பாடங்களை அதற்கு முன் முடித்துவிட்டு, எழுதிப் பார்க்கும் பயிற்சிகளை அந்த மாதத்துக்கு ஒதுக்கலாம். இந்த முடிவை ஜூனில் எடுத்தால்தான் பிப்ரவரியில் பயன்படும்.

நோட்டுக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவருவதைக் குறைக்க வழி இருக்கிறது. எல்லாக் கணக்கையும் திருத்துவதற்குப் பதில், வாரத்தில் ஒரு நாள் ஒரு பிரிவு என்று வைத்து, அன்று ஒரு முக்கியமான கணக்கை மட்டும் நுணுக்கமாகப் பார்க்கலாம். மற்றவற்றை விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளே சரிபார்க்கச் செய்யலாம். தன் தவற்றைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை அதை மறக்காது.

தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். உடலுக்குரிய உரிமையைப் பற்றி மேலே பார்த்தோம். தூங்காத ஆசிரியையின் கோபம் பெரும்பாலும் மிக மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் மீதுதான் விழுகிறது.

வீட்டார் செய்யக்கூடியவை

கணவரும் மாமியும் மற்றவர்களும் சேர்ந்து மே மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். காலை 5.30 முதல் 8 மணி வரை வீட்டில் என்னென்ன வேலை நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சமையல், சாப்பாட்டு டப்பா கட்டுவது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, மாமியின் மாத்திரை, பால் வாங்குவது, பிள்ளைகளை மக்தபுக்கு அனுப்புவது. எழுதிப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் எதிரில் ஒரே பெயர்தான் இருக்கும். அதில் மூன்று வேலைகளையாவது வேறு பெயருக்கு மாற்றுங்கள். பால் வாங்குவதையும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதையும் ஏழாம் வகுப்புப் பையனே செய்யலாம். நோட்டுக்கு அட்டை போடுவதும் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் அத்தாவின் வேலையாக இருக்கட்டும். விடுப்பில் வந்திருக்கும் தந்தைக்குப் பிள்ளைகளோடு உட்கார அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

வெளிநாட்டில் இருக்கும் கணவர்களும் செய்யக்கூடியது உண்டு. மகனின் வீட்டுப்பாடத்தை அலைபேசியில் நீங்கள் கேட்கலாம். பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் போன்றவற்றை இணையத்தில் நீங்களே கட்டிவிடலாம். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் இங்கே நள்ளிரவாக இருந்தால், பள்ளி நாட்களில் பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம்.

விருந்து, விசேஷம் பற்றி மாமியும் நாத்தனார்களும் சொல்லும் ஒரு சொல்லுக்குப் பெரிய மதிப்பு உண்டு. "அவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்குது, நாங்க வந்திருக்கோம்ல" என்று மாமி சபையில் சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். மருமகளுக்கு அது பத்து மணி நேர உதவிக்குச் சமம்.

பெற்றோர் செய்யக்கூடியவை

நாம் எல்லோரும் ஏதோ ஓர் ஆசிரியைக்குப் பெற்றோராக நிற்கிறோம். அந்த இடத்தில் நம் கடமை என்ன?

பிள்ளையைப் பற்றித் தெரிய வேண்டியதை முதல் வாரத்திலேயே நேரில் சொல்லுங்கள். கண் பார்வை குறைவு, காதில் கோளாறு, வீஸிங், வலிப்பு, எழுத்து மாறி மாறித் தெரிவது, வீட்டில் நடந்த இழப்பு போன்றவை ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல பெற்றோர், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோர், கண்ணாடி போட்டால் வரன் தட்டிப்போகும் என்று மறைக்கிறார்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை மந்தமான பிள்ளை என்று பெயர் எடுக்கிறது.

பள்ளி திறந்த முதல் வாரம் பிள்ளையை அவசியம் அனுப்புங்கள். "முதல் வாரம் ஒன்றும் நடத்த மாட்டார்கள்" என்று ஊரில் இருந்து தாமதமாகத் திரும்புகிறோம். வகுப்பின் ஒழுங்கும், பிள்ளைகளின் நிலையை அறிவதும் அந்த வாரத்தில்தான் நடக்கின்றன என்பதை மேலே கண்டோம். அதைத் தவறவிட்ட பிள்ளைக்காக ஆசிரியை மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

இரவு பத்து மணிக்கு "மேடம், நாளைக்கு என்ன ஹோம்வொர்க்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். வகுப்பில் நாற்பது பேர். ஆளுக்கு ஒரு செய்தி என்றாலும் நாற்பது செய்திகள். அவரும் தம் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார். பிள்ளையின் நோட்டைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் பதில் அதிலேயே இருக்கும்.

மக்தப் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியின் நேர மாற்றம், தேர்வு அட்டவணை ஆகியவற்றை ஜூனிலேயே கேட்டறிந்து மக்தப் நேரத்தை அமைத்துக்கொண்டால், பிள்ளை ஓடிவந்து மூச்சு வாங்க வகுப்பில் உட்காராது. ஓதிக்கொடுப்பவரும் பாடம் நடத்துபவரும் ஒரே பிள்ளையின் ஆசிரியர்கள். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது நல்லது.

பள்ளி நிர்வாகிகள் செய்ய வேண்டியவை

நம் சமுதாயப் பெரியவர்களும் ஜமாஅத்தார்களும் பள்ளிகள் நடத்துகிறார்கள். அல்லாஹ் அவர்களின் முயற்சிக்கு நற்கூலி வழங்குவானாக. அவர்களிடம் உரிமையோடு சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில தனியார் பள்ளிகளில் மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் சேர்க்கைக்கும், பயிற்சிக்கும், புத்தகம் அடுக்குவதற்கும் அதே மே மாதத்தில் ஆசிரியைகளை அழைக்கிறார்கள். உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா? இடையில் போய்விடக்கூடாது என்று அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. ஒருவருடைய உடைமையைப் பிடித்துவைத்து அவரிடம் வேலை வாங்குவது நீதியாகாது. நல்ல ஆசிரியையை நிறுத்தி வைப்பது நல்ல நடத்தைதான், பூட்டிய அலமாரியால் அது முடியாது. தனியார் பள்ளி ஆசிரியர்களும் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று 2009-ல் சட்டம் திருத்தப்பட்டதையும், 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டும்.

பணச் செலவில்லாமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. யாருக்கு எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பதை மே நடுவிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளி திறக்கும் அன்று காலையில் கால அட்டவணையைக் கையில் கொடுத்தால் யாரால் ஆயத்தமாக முடியும்? நாளில் ஒரு பாடவேளையாவது ஆயத்தத்துக்கென விடுங்கள். ஆள் வராத வகுப்புக்கெல்லாம் அந்த வேளையைப் பறித்துக்கொள்ளாதீர்கள். லுஹர் தொழ இடமும் பத்து நிமிடமும் கொடுங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு அறையும், பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருந்தால் இன்னும் நல்லது. தொழுகையில் இருக்கும்போது குழந்தையின் அழுகை கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். தொழுகைக்கே அந்தக் கனிவு காட்டப்பட்டது என்றால், ஒரு கால அட்டவணையில் கொஞ்சம் இடம் கொடுப்பது கடினமா?

இவை எதுவும் பெரிய தியாகங்கள் இல்லை. வீட்டில் மூன்று வேலைகளை மாற்றிப் போடுவது, ஒரு விருந்தில் இருந்து விலக்குக் கொடுப்பது, இரவில் ஒரு செய்தியை அனுப்பாமல் இருப்பது, ஒரு மாதச் சம்பளத்தை முறையாகக் கொடுப்பது. இவ்வளவும் சேர்ந்தால் ஓர் ஆசிரியைக்குத் தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரம், வகுத்தல் வராமல் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேரும். அந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நம் வீட்டில் ஓர் ஆசிரியை இருந்தால், பள்ளி திறக்கும் முன் அவரிடம் இதை மட்டுமாவது கேட்போம்: "உனக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்? அதற்கு எந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளட்டும்?" கற்பிப்பவர்களுக்கும் கற்பவர்களுக்கும் இந்த ஆண்டை அல்லாஹ் பயனுள்ள ஆண்டாக ஆக்கித் தருவானாக. ஆமீன்.